ஒரிகன் பாதை, 1847: ஒரு குடும்பம், ஒரு வண்டி, 3,200 கிலோமீட்டர்

இளவேனில்:
வணக்கம். 1847-இல் மிசௌரியின் இண்டிபெண்டன்ஸ் ஊரிலிருந்து ஒரிகன் சிட்டிக்குத் தரைவழியாகக் கிளம்பும் ஒரு குடியேறிக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவன், மனைவி, பன்னிரண்டு வயதுக்குள் மூன்று பிள்ளைகள். தூரம் ஏறக்குறைய 3,200 கிலோமீட்டர். நான்கு குதிரை பூட்டிய பெரிய கூண்டு வண்டி, உள்ளே பெண்களும் பிள்ளைகளும், சுற்றிலும் துப்பாக்கியோடு ஆண்கள் என்று சினிமாவில் காட்டுவதை அப்படியே நம்ப முடியவில்லை. ஒரு வண்டியில் எவ்வளவு பாரம் ஏற்றலாம்? அதில் உணவு எவ்வளவு, சாமான் எவ்வளவு? எந்த மாதம் கிளம்ப வேண்டும், ஏன்? வழியில் எது உடையும், எது ஆளைக் கொல்லும்? தெரிந்தவர்கள் விவரமாக எழுதுங்கள்.

நுகத்தடி:
முதலில் அந்தப் பெரிய வண்டியைத் தள்ளி வைத்துவிடலாம். கானஸ்டோகா எனப்படும் அந்த வகை, பென்சில்வேனியாப் பக்கத்துச் சாலைகளில் சரக்கு ஏற்றுவதற்காகச் செய்தது. ஒரிகன் பாதையில் அதை இழுக்க வைத்தால் மாடுகள் பாதி வழியிலேயே படுத்துவிடும். குடியேறிகள் ஓட்டியது சாதாரணப் பண்ணை வண்டி. பெட்டி 3 மீட்டர் நீளம், ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான அகலம். பக்கப்பலகை முழங்கால் உயரத்தைத் தாண்டிக் கொஞ்சம். வெறும் வண்டியே சுமார் 590 கிலோ. அதன்மேல் 900 கிலோ ஏற்றலாம். அதற்கும் மேலே ஏற்றியவர்கள் பிளாட் ஆற்றங்கரையிலோ லாரமி கோட்டைப் பக்கத்திலோ எப்படியும் இறக்கிப் போட்டிருக்கிறார்கள்.

வளைத்த ஹிக்கரி மரக் கம்புகளின்மேல் இரட்டைக் கித்தான். மழை இறங்காமலிருக்க அதில் ஆளிவிதை எண்ணெய் தடவுவார்கள். முன்சக்கரம் சிறியது, பின்சக்கரம் பெரியது. முன்சக்கரம் சிறியதாக இருந்தால்தான் திருப்பும்போது பெட்டிக்கு அடியில் கொஞ்சமாவது போகும். பிரேக் என்று ஒன்றும் கிடையாது. இறக்கத்தில் பின்சக்கரத்தைச் சங்கிலியால் கட்டிச் சுழலாமல் நிறுத்தி, வண்டியைச் சறுக்கிக்கொண்டே இறக்க வேண்டும். குலுக்கலைத் தாங்கும் வில்லும் (ஸ்பிரிங்) கிடையாது. அதனால் உள்ளே யாரும் உட்கார்ந்து போகவில்லை. நோயாளி, கைக்குழந்தை, நிறைமாதக் கர்ப்பிணி தவிர எல்லோரும் நடைதான். பத்து வயதுப் பிள்ளை மிசௌரியிலிருந்து ஒரிகன் வரை நடந்தே போயிருக்கும்.

பூட்டியது பெரும்பாலும் மாடு. குறைந்தது இரண்டு ஜோடி, நியாயமாக மூன்று ஜோடி. மாட்டுக்குக் கடிவாளமில்லை. ஓட்டுபவர் இடதுபக்கம் கூடவே நடந்து, குரலாலும் சாட்டையாலும் திருப்புவார்.

தாரணி:
உணவுக் கணக்கை நான் தருகிறேன். அந்தக் காலத்து வழிகாட்டிகள் பெரியவர் ஒருவருக்கென்று சொன்ன அளவுகளில் ஒன்று: கோதுமை மாவு 90 கிலோ, பேக்கன் எனப்படும் உப்புக் கண்டமிட்ட பன்றி இறைச்சி 68 கிலோ, சர்க்கரை 9 கிலோ, காப்பிக்கொட்டை 4.5 கிலோ, உப்பு 4.5 கிலோ. மொத்தம் ஒரு ஆளுக்கு 176 கிலோ. பிள்ளைகளுக்கு அரைப் பங்கு வைத்தால் இளவேனில் சொன்ன குடும்பத்துக்கு மூன்றரைப் பங்கு, அதாவது 616 கிலோ.

நுகத்தடி சார் சொன்ன 900 கிலோவில் இதைக் கழித்தால் மிஞ்சுவது 284 கிலோ. கூடாரம், படுக்கை, துணிமணி, இரும்புச் சட்டி, கோடரி, ரம்பம், மண்வெட்டி, கலப்பைக் கொழு, துப்பாக்கி, ஈயம், வெடிமருந்து, தண்ணீர்ப் பீப்பாய், வண்டிக்கான மாற்று உறுப்புகள், காய்ந்த ஆப்பிள், பீன்ஸ் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். பாட்டி கொடுத்த மர அலமாரிக்கும் இரும்பு அடுப்புக்கும் இடமே இல்லை. ஏற்றினார்கள், வழியில் இறக்கினார்கள்.

கட்டும் முறையும் முக்கியம். 1859-இல் ராணுவ அதிகாரி ராண்டால்ஃப் மார்சி எழுதிய வழிப்பயணக் கையேடு, அதற்குள் பழகித் தேறிவிட்ட முறைகளைத் தெளிவாகச் சொல்கிறது. மாவை இரட்டைக் கித்தான் பையில், பைக்கு 45 கிலோ வீதம் கட்ட வேண்டும். பேக்கனைப் பெட்டியில் வைத்துச் சுற்றிலும் தவிட்டைத் திணிக்க வேண்டும், அப்போதுதான் சமவெளி வெயிலில் கொழுப்பு உருகி ஓடாது. வெண்ணெயை நுரை எடுத்து எண்ணெய்போலத் தெளியும்வரை காய்ச்சித் தகர டப்பாவில் ஊற்றி ஈயம் வைத்து அடைக்க வேண்டும். நம் வீட்டில் நெய் காய்ச்சுவதேதான்.

முட்டைகளை மாவுப் பீப்பாய்க்குள் புதைத்து வைப்பார்கள். கறவை மாடு கூட வந்தால், காலையில் கறந்து மிஞ்சிய பாலை மூடிய வாளியில் ஊற்றி வண்டியில் தொங்கவிடுவார்கள். வண்டி குலுங்குகிற குலுக்கலில் மாலைக்குள் வெண்ணெய் திரண்டுவிடும்.

ரொட்டி உப்ப வைக்கச் சோடா உப்பு வேண்டும். அது வழியிலேயே கிடைத்தது. இன்றைய வயோமிங்கிலுள்ள இண்டிபெண்டன்ஸ் பாறைக்கு அருகே வற்றிய உவர்க்குட்டைகளில் வெள்ளையாகப் படிந்து கிடந்ததை வாளி வாளியாக அள்ளிக்கொண்டார்கள். கொஞ்சம் கூடப் போனால் ரொட்டி மஞ்சளித்துக் கசக்கும்.

பனிமலை:
மாடுதான் பூட்டினார்கள் என்பது சரி. ஆனால் கோவேறு கழுதையை ஒரேயடியாக ஒதுக்க முடியாது. வேகமாக நடக்கும், குளம்பு கெட்டியானது, வறண்ட இடத்திலும் தாக்குப்பிடிக்கும். அவசரமாகப் போனவர்கள் கழுதையையே வாங்கினார்கள். 1849-இல் கலிஃபோர்னியாத் தங்கத்துக்கு ஓடிய இளைஞர் குழுக்களில் பல அப்படித்தான் போயின.

நுகத்தடி:
தனி ஆட்களுக்கு நீங்கள் சொல்வது பொருந்தும். பிள்ளைகுட்டியோடு போகும் குடும்பத்துக்கு மாட்டைத்தான் சொல்வேன். விலை பாதிக்கும் குறைவு. வெறும் புல்லைத் தின்றே 900 கிலோவை இழுக்கும். கழுதைக்கு நீண்ட இழுவையில் தானியம் இல்லாவிட்டால் உடம்பு வற்றும், அந்தத் தானியத்தையும் அதே வண்டியில்தான் ஏற்ற வேண்டும். மாடு இரவில் மிரண்டாலும் வெகுதூரம் போகாது. குதிரையையும் கழுதையையும் கவர்ந்து போகிறவர்கள் மாட்டை அவ்வளவாகத் தேடுவதில்லை. போய்ச் சேர்ந்ததும் ஏரில் பூட்டலாம். வழியில் செத்தால் இறைச்சி.

வேகம் மணிக்கு 3 கிலோமீட்டர்தான். ஆனால் அந்த 3 கிலோமீட்டர் ஐந்து மாதமும் குறையாமல் கிடைக்க வேண்டும். விரட்டி ஓட்டியவர்களின் மாடுகள் ஸ்நேக் ஆற்றங்கரையில் ஒவ்வொன்றாக விழுந்தன.

மாட்டின் பலவீனம் குளம்பு. பிளாட் ஆற்றின் மணல் தாண்டிக் கல்தரை வந்ததும் தேய்ந்து ரத்தம் கசியும். பிளந்த குளம்பு என்பதால் காலுக்கு இரண்டு துண்டு லாடம். குதிரையைப்போல மூன்று காலில் நிற்காது, கயிறு போட்டுச் சாய்த்துக் கட்டித்தான் அடிக்க வேண்டும். லாடம் தீர்ந்துவிட்டால் பச்சைக் காட்டெருமைத் தோலை மயிர்ப்பக்கம் உள்ளே வைத்துக் குளம்பில் செருப்புபோலக் கட்டினார்கள். சில நாள் தாங்கும்.

இளவேனில்:
நன்றி. 284 கிலோ என்ற கணக்கைப் பார்த்ததும் பல விஷயங்கள் தெளிவாகின்றன. கிளம்பும் மாதம்?

மேற்குத்திசை:
ஏப்ரல் கடைசி முதல் மே நடுவுக்குள். இதைத் தீர்மானிப்பது புல். மாட்டுக்கான தீனியை யாரும் ஏற்றிப் போகவில்லை. மேய்ச்சலை நம்பித்தான் மொத்தப் பயணமும். ஏப்ரல் தொடக்கத்தில் கிளம்பினால் கான்சாஸ் புல்வெளியில் புல் விரற்கடைகூட வளர்ந்திருக்காது, தரையும் சேறு. ஜூனில் கிளம்பினால் முன்னே போன வண்டிகளின் மாடுகள் பாதையோரத்தை மொட்டையாக மேய்ந்திருக்கும், மறுபக்கம் மலைகளில் பனி விழத் தொடங்கிவிடும்.

ஒரு நாளைக்கு 24 கிலோமீட்டர் வைத்தால் 3,200 கிலோமீட்டருக்கு 133 நாள். ஆறு கடக்க, வண்டி பழுது பார்க்க, பிரசவத்துக்கு, சாவுக்கு, மாட்டுக்கு ஓய்வு கொடுக்க என்று நின்ற நாட்களையும் சேர்த்தால் ஐந்து மாதம் சர்வசாதாரணமாக ஆகும். மே 1 கிளம்பினால் செப்டம்பர் கடைசி அல்லது அக்டோபர். அதற்கு மேல் இழுத்தால் கேஸ்கேட் மலையில் மாட்டிக்கொள்வார்கள்.

வழியிலேயே ஒரு சோதனைக் குறி வைத்திருந்தார்கள். இன்றைய வயோமிங்கில், ஸ்வீட்வாட்டர் ஆற்றோரம், ஆமை முதுகுபோல ஒரு கருங்கல் குன்று. ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர தினத்துக்குள் அங்கே சேர்ந்தால் கணக்கு சரி. அதுதான் இண்டிபெண்டன்ஸ் பாறை. குடியேறிகளுக்கு முன்பே தோல் வியாபாரிகள் அங்கே சுதந்திர தினம் கொண்டாடியதால் வந்த பெயர் அது. கல்லில் செதுக்கிய பெயர்கள் இன்றும் இருக்கின்றன.

அதன்பின் ஸ்வீட்வாட்டரையே மீண்டும் மீண்டும் கடந்து தெற்குக் கணவாய். உயரம் சுமார் 2,260 மீட்டர். கணவாய் என்றதும் இரண்டு செங்குத்துப் பாறைகளுக்கு நடுவில் ஒரு சந்தைக் கற்பனை செய்ய வேண்டாம். முப்பது கிலோமீட்டர் அகலமுள்ள புதர்ச் சமவெளி. உச்சியைத் தாண்டியதே பலருக்குத் தெரியவில்லை, ஓடைத் தண்ணீர் மேற்கே ஓடுவதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். இந்தச் சமவெளி இல்லாவிட்டால் மாட்டு வண்டி ராக்கி மலைத்தொடரைத் தாண்டியே இருக்காது. இது பாதித் தூரம்கூட இல்லை என்பதையும் கவனியுங்கள். கஷ்டமான பாதி இனிமேல்தான், அதுவும் மாடு இளைத்து மாவு குறைந்த நிலையில்.

1847 என்று குறிப்பிட்டதால் இன்னொன்று. பிளாட் கரையில் கியர்னி கோட்டை 1848-இல்தான் வந்தது. லாரமி அப்போது ராணுவக் கோட்டை இல்லை, தோல் வியாபாரிகளின் சாவடி. பிரிட்ஜர், ஹால், பாய்சி எல்லாம் அப்படிப்பட்ட வியாபாரச் சாவடிகள்தான். மாவு கிடைத்தாலும் விலை பல மடங்கு.

கடையாணி:
எது உடையும் என்ற கேள்விக்கு வருகிறேன். அதிகம் உடைந்தவை ஏர்க்காலும் (மாடு பூட்டும் நீளக் கட்டை) அச்சும். ஓடைப் பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கும்போது மாடுகள் பக்கவாட்டில் திரும்பினால் ஏர்க்கால் படீரென்று போய்விடும். பிளாட் கரையில் நல்ல மரமே கிடையாது. அதனால் முன்யோசனை உள்ளவர்கள் மாற்று ஏர்க்கால், மாற்று அச்சு, சில ஆரக்கால்கள், கடையாணிகள் ஆகியவற்றை வண்டிக்கு அடியில் கட்டித் தொங்கவிட்டுக் கொண்டுபோனார்கள். மாற்று அச்சு இல்லாமல் அச்சு முறிந்தால், வண்டியைக் குறுக்கே வெட்டி இரண்டு சக்கர வண்டியாக்கிப் பாதிச் சாமானை விட்டுவிட்டுப் போவதுதான்.

பின்னச்சில் ஒரு வாளி தொங்கும். பைன் தாரும் மாட்டுக்கொழுப்பும் கலந்த வண்டிமை. அச்சில் பூசாமல் ஓட்டினால் சக்கரத்தின் நடுக்கட்டையான குடம் உள்ளே தேய்ந்து சக்கரம் ஆடத் தொடங்கும்.

ஆனால் எல்லோரையும் பிடித்த சிக்கல் சக்கரம் சுருங்குவது. மிசௌரியின் ஈரக்காற்றில் செய்த சக்கரம் அது. லாரமியைத் தாண்டியதும் காற்று வறண்டு மரம் சுருங்கும். முதலில் ஆரக்கால் குடத்தில் ஆடும். பிறகு சக்கரத்தின் மர விளிம்பான வட்டைத் துண்டுகளுக்கு நடுவே இடைவெளி விழும். கடைசியில் இரும்புப் பட்டை கழன்று உருண்டு ஓடும். முதல் வைத்தியம், இரவில் சக்கரத்தைக் கழற்றி ஆற்றில் ஊறப்போடுவது. காலையில் இறுக்கமாக இருக்கும், இரண்டு நாளில் பழையபடி. அடுத்தது, பட்டைக்கும் வட்டைக்கும் நடுவில் மர ஆப்பு அடிப்பது. கல்தரையில் ஆப்பு தெறித்துவிடும்.

சரியான வைத்தியம் பட்டையை முழுதாகக் கழற்றிப் போடுவது. கழற்றி எடுத்து, வட்டையின் வெளிவிளிம்பு முழுக்க மெல்லிய மரச்சிம்பை ஆணியடித்துச் சுற்றளவைக் கூட்ட வேண்டும். தரையில் வட்டமாகச் சுள்ளி, புதர்க்கட்டை, காட்டெருமை வறட்டி அடுக்கி நடுவே பட்டையைப் புதைத்துச் சிவக்கக் காய்ச்ச வேண்டும். சிவந்த பட்டை விரிந்திருக்கும். இரண்டு மூன்று பேர் இடுக்கியால் தூக்கி, படுக்க வைத்த சக்கரத்தின்மேல் இறக்கி, மரம் பற்றி எரிவதற்குள் தண்ணீரை ஊற்ற வேண்டும். பட்டை சுருங்கும்போது ஆரக்கால்கள் ஒவ்வொன்றாகக் குடத்துக்குள் இறங்கி இறுகும், மரம் முறுகும் சத்தம் நன்றாகக் கேட்கும். மரச்சிம்பு கூடுதல் கனமாகிவிட்டால் பட்டை இறங்காது. மெல்லியதாகிவிட்டால் ஒரு வாரத்தில் மறுபடி கழலும். குழுவில் ஒரு கொல்லர் இருப்பது எவ்வளவு பெரிய பலம் என்று இதிலிருந்தே தெரியும்.

இளவேனில்:
ஆறுகளை எப்படிக் கடந்தார்கள்? வண்டிகள் மிதந்தனவா?

கடையாணி:
ஆழமில்லாத இடத்தில் இறங்கி நடந்தே கடந்தார்கள். பிளாட் ஆறு அகலம் அதிகம், ஆழம் குறைவு, அடியில் புதைமணல். நடுவில் வண்டியை நிறுத்தினால் மணல் சக்கரத்தை விழுங்கும். அதனால் ஜோடி கூட்டிப் பூட்டி, கரையேறும்வரை நிற்காமல் ஓட்ட வேண்டும். பெட்டிக்கும் அச்சுப்பலகைக்கும் நடுவே கட்டை கொடுத்து உயர்த்தினால் மாவு நனையாது.

ஆழமான இடத்தில் பெட்டியைக் கழற்றி, இடுக்குகளில் துணியும் தாரும் கொழுப்பும் அடைத்துப் படகாக்கினார்கள். 1843-இல் போன பெருங்கூட்டம் தெற்குப் பிளாட்டில் வேறொன்று செய்தது. பச்சைக் காட்டெருமைத் தோல்களைச் சேர்த்துத் தைத்துப் பெட்டிமேல் இழுத்துக் கட்டி ஆணியடித்து, வெயிலில் காயவைத்து விறைக்கச் செய்தார்கள். பச்சைத்தோல் நனைந்ததும் இளகும் என்பதால் திரும்பத் திரும்பக் காயவைக்க வேண்டியிருந்தது. நாட்கள் செலவாகின, சாமான் நனையாமல் போய்ச் சேர்ந்தது.

1847 ஜூனில் வடபிளாட் ஆற்றில், இன்றைய காஸ்பர் நகர்ப் பக்கம், மார்மன் மதப்பிரிவினர் தோணித்துறை வைத்தார்கள். உங்கள் குடும்பம் கூலி கொடுத்து அதில் ஏறியிருக்கலாம். வரிசையில் காத்திருக்க முடியாமல் நீந்திக் கடக்கப் பார்த்தவர்கள் பலர் அந்த ஆற்றில் போயிருக்கிறார்கள்.

தாரணி:
சாவைப் பற்றிப் பேசும்போது ஆண்டைக் கவனிக்க வேண்டும். ஒரிகன் பாதை என்றாலே காலரா என்று எழுதுகிறார்கள். பாதையில் காலரா வந்தது 1849-இல். 1850, 1852 ஆண்டுகள் மிகக் கொடியவை. 1847-இல் அது இல்லை. வயிற்றுக்கடுப்பு, விஷக்காய்ச்சல், அம்மை ஆகியவை இருந்தன.

காலரா ஏன் பிளாட் கரையில் இவ்வளவு பேரைக் கொன்றது என்பதும் புரியக்கூடியதே. ஆயிரக்கணக்கானவர்கள் அடுத்தடுத்த இரவுகளில் அதே இடங்களில் தங்கினார்கள், அங்கேயே மலம் கழித்தார்கள், அதே மணலில் ஆழமில்லாத ஊற்றுக்குழி தோண்டிக் குடித்தார்கள். ஆற்று நீர் கலங்கலாக இருந்ததால் குழி நீரைச் சுத்தமென்று நம்பினார்கள். உண்மையில் குழிதான் மோசம். காப்பிக்காகக் கொதிக்க வைத்த நீர் பலரைக் காப்பாற்றியிருக்க வேண்டும், காரணம் தெரியாமலேயே. காலையில் வயிறு போக ஆரம்பித்தவர் மாலையில் இறந்தார். லாரமிக்கு மேற்கே உயரமும் ஓடும் நீரும் வந்ததும் நோய் தணிந்தது.

விபத்தில் ஆற்றில் மூழ்குவதற்கு அடுத்துத் துப்பாக்கி. குண்டு போட்டுத் தயாராக வைத்த துப்பாக்கியை வண்டிக்குள்ளிருந்து குழல்முனையைப் பிடித்து இழுப்பார்கள், சுத்தி எதிலாவது மாட்டும், வயிற்றில் பாயும். பிள்ளைகளுக்கு வண்டிச் சக்கரம். ஓடும் வண்டியின் ஏர்க்கால்மேல் ஏறி இறங்கும்போது பாவாடை சிக்கி விழுந்தால் ஒன்றரை டன் மேலே ஏறும்.

மாட்டுக்கு எமன் உவர்நீர். வடபிளாட்டை விட்டு ஸ்வீட்வாட்டருக்குப் போகும் வறண்ட பகுதியில் குட்டைகள் காரநீராகக் கிடக்கும். தாகத்தில் குடித்த மாடு வயிறு வீங்கி விழும். உடனே பேக்கன் கொழுப்பைத் தொண்டைக்குள் திணிப்பார்கள், வினிகரும் ஊற்றுவார்கள். சீக்கிரம் செய்தால் சில மாடுகள் பிழைத்தன.

பனிமலை:
வண்டிகளை வட்டமாக நிறுத்துவதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. செவ்விந்தியர் தாக்குதலுக்குப் பயந்துதானே அது?

மேற்குத்திசை:
மாட்டுப்பட்டியாகத்தான் அது பெரும்பாலும் பயன்பட்டது. ஒரு வண்டியின் ஏர்க்காலை முன்னால் நிற்கும் வண்டியின் பின்சக்கரத்தோடு சங்கிலியால் கட்டினால் வேலி தயார். 1843 கூட்டத்தில் மாடு அதிகம் வைத்திருந்தவர்களின் பிரிவை நடத்திய ஜெஸ்ஸி ஆப்பிள்கேட் அதன் ஒரு நாளை விவரமாக எழுதி வைத்திருக்கிறார். அறுபது வண்டிகள், வட்டத்தின் விட்டம் சுமார் 90 மீட்டர். விடியற்காலை 4 மணிக்குக் காவலர் துப்பாக்கி வெடித்து எழுப்புவார்கள். மேய்ச்சலில் பரந்து கிடக்கும் மாடுகளை வளைத்து வட்டத்துக்குள் ஓட்டி, உள்ளேயே நுகம் பூட்டுவார்கள். 7 மணிக்குப் புறப்பாடு. நான்கு வண்டிக்கு ஒரு பிரிவாகப் பதினைந்து பிரிவுகள். இன்று முதலில் போன பிரிவு நாளை கடைசியில் போகும், தூசியை எல்லோரும் பங்கிட்டுத் தின்ன வேண்டும் என்பதற்காக.

தாக்குதல் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 1840 முதல் 1860 வரையான இருபது ஆண்டுகளுக்கு வரலாற்றாய்வாளர் ஜான் அன்ரூ தொகுத்தபடி, பூர்வகுடிகளால் கொல்லப்பட்ட பயணிகள் 362 பேர், பயணிகளால் கொல்லப்பட்ட பூர்வகுடிகள் 426 பேர். அந்தக் காலத்தில் மேற்கே போனவர்கள் ஏறக்குறைய மூன்று லட்சம் பேர். பெரும்பாலான மோதல்கள் தெற்குக் கணவாய்க்கு மேற்கே நடந்தவை, சினிமா காட்டும் பிளாட் சமவெளியில் அல்ல.

தாரணி:
இதோடு நிறுத்தினால் பாதிக்கதைதான். அந்த மக்கள் இல்லாமல் பலர் போய்ச் சேர்ந்திருக்கவே மாட்டார்கள். ஸ்நேக் ஆற்றில் துறை காட்டியவர்களும் சால்மன் மீன் விற்றவர்களும் ஷோஷோனி மக்கள். நீல மலைகளைத் தாண்டி மாவு தீர்ந்து வந்தவர்களுக்கு உருளைக்கிழங்கு விற்றவர்கள் கயூஸ் மக்கள். பயணிகள் பதிலுக்குக் கொண்டுவந்தது என்ன? அவர்களுடைய மாடுகள் பிளாட் பள்ளத்தாக்கின் புல்லை மொட்டையடித்தன, ஆற்றோர மரங்கள் விறகாகின, காட்டெருமை மந்தைகள் பாதையை விட்டு விலகிப் போயின.

1847-க்கு இது இன்னும் நேரடியாகப் பொருந்தும். அந்த ஆண்டு வண்டிக் கூட்டத்தோடு தட்டம்மை வந்தது. வொல்லா வொல்லாப் பள்ளத்தாக்கில் மார்க்கஸ் விட்மன் நடத்திய மிஷன் பக்கத்தில் கயூஸ் மக்களில் ஏறக்குறைய பாதிப்பேர் இறந்தார்கள். மருத்துவரான விட்மனிடம் சிகிச்சை பெற்ற வெள்ளைக்காரப் பிள்ளைகள் பலர் பிழைத்தார்கள், கயூஸ் பிள்ளைகள் இறந்தார்கள். அந்த உடல்களுக்கு அம்மைக்கு எதிரான சக்தியே இல்லை. விஷம் வைக்கிறார் என்ற சந்தேகம் பரவி, நவம்பர் 29 அன்று விட்மனும் அவர் மனைவி நார்சிஸாவும் மற்றவர்களும் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து போர். நாம் இங்கே கிலோக்கணக்கில் பேசிக்கொண்டிருக்கும் பயணத்தின் விலையில் இதுவும் அடக்கம். இதைச் சொல்லாமல் அந்தக் குடும்பத்தின் கதையை எழுதக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இளவேனில்:
நிச்சயம் சேர்ப்பேன், அக்கா. குறுக்குவழிகளைப் பற்றியும் கேட்க நினைத்தேன். முந்தைய ஆண்டுதானே டானர் குழு?

மேற்குத்திசை:
ஆம், 1846. கலிஃபோர்னியா நோக்கிப் போனவர்கள், 87 பேர். லான்ஸ்ஃபோர்ட் ஹேஸ்டிங்ஸ் விளம்பரம் செய்த குறுக்குவழியை நம்பிப் பிரிட்ஜர் கோட்டையிலிருந்து பிரிந்தார்கள். வசாட்ச் மலையில் வண்டி போக வழியே இல்லை, வெட்டிக்கொண்டே போனதில் வாரக்கணக்கில் இழந்தார்கள். உப்பு ஏரிக்கு மேற்கே தண்ணீரில்லாத பாலை 60 கிலோமீட்டர்தான் என்று சொல்லப்பட்டது, இருந்ததோ ஏறக்குறைய 130. மாடுகளை அங்கே இழந்தார்கள். சியரா நெவாடா உச்சியை நெருங்கும்போது பனி அடைத்துவிட்டது. ஏறக்குறைய பாதிப்பேர் இறந்தார்கள். குறுக்குவழி மிச்சம் பிடித்ததாகச் சொன்ன தூரத்தைவிட அது தின்ற நாட்கள் அதிகம்.

எல்லாக் குறுக்குவழியும் அப்படியில்லை. தெற்குக் கணவாய்க்கு மேற்கே பிரியும் சப்லெட் குறுக்குவழியில் கிரீன் ஆறு வரை சுமார் 70 கிலோமீட்டருக்குத் தண்ணீர் கிடையாது. ஆனால் சில நாட்கள் மிச்சமாகும். முதல்நாள் மாட்டை வயிறாற மேயவிட்டு, பீப்பாய்களை நிரப்பி, பிற்பகலில் கிளம்பி இரவு முழுக்க ஓட்டினால் பெரும்பாலும் தாண்டிவிடலாம். மாடு ஏற்கெனவே இளைத்திருந்தால் பிரிட்ஜர் கோட்டை வழியாகச் சுற்றிப் போவதே நல்லது.

கடையாணி:
கடைசிக் கட்டமும் ஒன்று பாக்கி இருக்கிறது. 1846-க்கு முன்பு டேல்ஸ் என்ற இடத்தோடு வண்டிப்பாதை முடிந்தது. அங்கிருந்து கொலம்பியா ஆற்றில் பைன் கட்டைகளால் தெப்பம் கட்டி, சக்கரம் கழற்றிய வண்டிகளை ஏற்றிப் போக வேண்டும். 1843-இல் அந்த ஆற்றுச் சுழலில் படகு கவிழ்ந்து ஜெஸ்ஸி ஆப்பிள்கேட்டின் மகனும் அவர் அண்ணன் லின்ட்சேயின் மகனும் மூழ்கினார்கள். ஆற்றைத் தவிர்க்க ஒரு வழி வேண்டும் என்று அந்தச் சகோதரர்கள் 1846-இல் தெற்கிலிருந்து ஒரு பாதை கண்டுபிடித்தார்கள்.

அதே ஆண்டில் ஹூட் மலையின் தெற்குச் சரிவைச் சுற்றி சாமுவேல் பார்லோவின் சுங்கச்சாலை திறந்தது. வண்டிக்கு 5 டாலர், கால்நடை தலைக்கு 10 சென்ட். 5 டாலர் கொடுத்தும் லாரல் குன்று இறக்கத்தில் உயிரைப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும். மாடுகளை அவிழ்த்துவிட்டு, பின்னச்சில் வடம் கட்டி, அதை மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவார்கள். கூடவே வெட்டிய மரமொன்றைக் கிளைகளோடு பின்னால் கட்டி இழுக்கவிட்டு வேகத்தைக் குறைப்பார்கள். வடம் ஈரமாக இருந்து வழுக்கினால் வண்டி அடிவாரத்தில் விறகுதான். ஐந்து மாதம் தாங்கிய வண்டிகள் பல இந்தக் கடைசிச் சரிவில் சிதறின.

பனிமலை:
என் தேர்வு ஆறு அல்ல, பார்லோதான். அக்டோபர் முதல் வாரத்துக்குள் டேல்ஸை அடைந்தால் மட்டும். பிந்திவிட்டால் மலையில் மழையும் பனியும். மாட்டுக்கு அங்கே புல்லும் இல்லை, லாரல் எனப்படும் அந்தப் புதரின் இலையைத் தின்றால் நோய் வரும்.

இளவேனில்:
போய்ச் சேர்ந்ததும் நிலம் உடனே கிடைத்ததா?

தாரணி:
1847-இல் அங்கே குடியேறிகளே அமைத்த இடைக்கால அரசுதான். அதன் சட்டப்படி 640 ஏக்கர் வரை எல்லை குறித்துப் பதிவு செய்யலாம். அமெரிக்க நாடாளுமன்றம் அதை உறுதிப்படுத்தியது 1850-இல். அந்தச் சட்டப்படி கணவனுக்கு 320, மனைவி பெயரிலேயே 320. அந்தக் காலத்துக்கு அது அபூர்வம். ஆனால் அந்த நிலத்துக்குரிய பூர்வகுடிகளோடு உடன்படிக்கை செய்யும் முன்பே அதைப் பங்கு போட்டார்கள். கறுப்பினத்தவர் குடியேறவே கூடாது என்று இடைக்கால அரசு 1844-இல் சட்டம் போட்டது. அந்த ஆண்டு வந்த ஜார்ஜ் வாஷிங்டன் புஷ், அந்தச் சட்டத்தால் கொலம்பியா ஆற்றுக்கு வடக்கே போய்த்தான் குடியேற முடிந்தது. பாதையில் பலருக்கு உதவியவர் அவர்.

நுகத்தடி:
முதல் குளிர்காலம் எப்படிப் போகும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், இளவேனில். அக்டோபரில் மாவுப்பை காலி, மாடு எலும்பும் தோலும். வில்லாமெட் பள்ளத்தாக்கில் அந்நேரம் மழை பிடித்துவிடும், ஆனால் குளிர் கடுமையில்லை, புல் மறுபடி தளிர்க்கும். மாட்டை மூன்று நான்கு வாரம் மேயவிட்டு உடம்பு தேறிய பிறகே ஏரில் பூட்ட வேண்டும். வந்த வேகத்தில் பூட்டியவர்கள் இழுவை மாட்டை அப்போதுதான் இழந்தார்கள்.

மரவீடு எழும்பும்வரை வண்டிப்பெட்டியைத் தரையில் இறக்கிக் கித்தான் போட்டு அதிலேயே படுப்பார்கள். விதைக் கோதுமையை முன்னே வந்தவர்களிடமோ வியாபாரிகளிடமோ கடனாக வாங்க வேண்டும். ஒரிகன் சிட்டியில் ஆலையும் கடையும் வைத்திருந்த ஜான் மெக்லாக்லின் அப்படி நிறையப் பேருக்குக் கடன் கொடுத்தவர். அறுவடையானதும் கோதுமையாகவே திருப்பலாம், 1845 முதல் இடைக்கால அரசு கோதுமையையே சட்டப்படி செல்லும் பணமாக ஏற்றிருந்தது. மிசௌரியிலிருந்து தூக்கி வந்த கலப்பைக் கொழு இங்கேதான் வேலைக்கு வரும். 284 கிலோவில் எதை விட்டாலும் அதை விடக் கூடாது.